சமயச் சார்பற்ற கல்விக்கூடமும் கிறித்தவ இளையோரின் நம்பிக்கையும்: ஐதராபாத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எழுத்தறிவும் இறையறிவும் ஒரே இடத்தில் புகட்டப்பட்ட காலம் தமிழர் வரலாற்றில் நெடியது. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் கடவுள் வணக்கத்தோடு ஏட்டைத் தொட்டனர். திருமடங்களில் இலக்கணமும் சாத்திரமும் ஒருங்கே பயிலப்பட்டன. மிஷன் பள்ளிகளில் அரிச்சுவடியும் ஞானோபதேசமும் அடுத்தடுத்த பாடங்களாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு கல்வியைத் தன் பொறுப்பாகக் கொள்ளத் தொடங்கியபோது இந்த இணைப்பு தளர்ந்தது. எந்தச் சமயத்தையும் போதிக்காத பள்ளி என்னும் புதிய அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பில் பயின்ற சிறுபான்மைச் சமயத்து இளையோர் தம் நம்பிக்கையை எவ்வாறு காத்துக்கொண்டனர், அவர்களுக்குத் துணைநின்றவை எவை என்னும் வினாக்களைக் கிறித்தவ இளையோரை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வின் களமாக ஐதராபாத் கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கல்வியும் சமயமும் கொண்ட உறவின் மூன்று நிலைகளை இந்நகரும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒரே காலத்திலும் கண்டுள்ளன. அவை நிஜாம் அரசின் கல்விமுறை, சென்னை மாகாணத்தைப் பின்பற்றிய செகந்திராபாத் படைக்குடியிருப்புப் பள்ளிகள், 1950க்குப் பிந்தைய குடியரசின் கல்விமுறை என்பனவாகும். இரண்டாவது, இப்பகுதியின் கிறித்தவ வரலாற்றில் தமிழரின் பங்கு பெரிது. படையோடு வந்த தமிழ்க் குடும்பங்களும், திருநெல்வேலியிலிருந்து தோர்ணக்கல்லுக்குச் சென்ற ஊழியர்களும் இவ்வரலாற்றோடு பிணைந்துள்ளனர்.

சமயச் சார்பற்ற கல்விக்கூடம் என்பது இங்குச் சமயத்தை எதிர்க்கும் பள்ளியைக் குறிக்கவில்லை. எச்சமயத்தையும் கட்டாயப் பாடமாகப் புகட்டாத பள்ளியையே அது குறிக்கிறது. இளையோர் என்னும் சொல் பள்ளி, கல்லூரி மாணவர் இருசாராரையும் சுட்டுகிறது.

1. பள்ளியும் கோயிலும் ஒன்றாயிருந்த நிலை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், அடுத்த ஆண்டிலேயே பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. படித்தல், மனனம் செய்தல், மன்றாடுதல் ஆகிய மூன்றும் அவருடைய பள்ளிமுறையில் பிரிக்கமுடியாதனவாக இருந்தன. லூத்தரின் சிற்றுபதேசம் வினாவிடை வடிவில் அமைந்தது. ஆசிரியர் வினவ, மாணவர் விடைகூறும் அம்முறை பிற்காலத் தமிழ் உரைநடைக்கும் பாடநூல் ஆக்கத்திற்கும் வழிகாட்டியாக அமைந்தது.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிக் கிறித்தவச் சிற்றூர்களில் இம்முறை முழுவளர்ச்சி பெற்றது. வாரநாளில் பள்ளியாக விளங்கிய கட்டடமே ஞாயிற்றுக்கிழமை ஆலயமாயிற்று. உபதேசியாரே பல ஊர்களில் ஆசிரியராகவும் இருந்தார். பிள்ளை பள்ளியில் கற்ற பாடலை மாலை வழிபாட்டில் தாயோடு சேர்ந்து பாடியது. தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளும், எட்வர்டு வெப் 1853இல் தொகுத்து வெளியிட்ட கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பும் எழுத்தறியாதோரின் நாவிலும் இறைக்கல்வியை நிறுத்தின.

இந்நிலையின் வலிமையும் குறையும் ஒன்றே. வீடு, ஆலயம், பள்ளி ஆகிய மூன்றும் ஒரே மொழி பேசியமையால் பிள்ளையின் நம்பிக்கை ஐயமின்றி வளர்ந்தது. ஆனால் மாற்று நம்பிக்கையாளர் ஒருவரைச் சமநிலையில் எதிர்கொள்ளும் வாய்ப்பும் அப்பிள்ளைக்குப் பெரிதும் இல்லை. மேற்படிப்பிற்காகச் சென்னைக்கோ செகந்திராபாத்துக்கோ சென்றபோதுதான் "நான் ஏன் இதை நம்புகிறேன்?" என்னும் வினா அவ்விளைஞன் முன் முதன்முறையாக எழுந்தது.

2. பள்ளி நேரத்திற்கு வெளியே

கல்வியில் சமய நடுநிலை என்னும் கொள்கை சென்னை மாகாணத்திலேயே கடுமையான விவாதத்திற்கு உள்ளாயிற்று. 1846இல் சென்னை ஆளுநராயிருந்த ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் விவிலியத்தை வகுப்புநூலாக வைக்கலாம் எனக் குறிப்பெழுதினார். கிழக்கிந்தியக் கும்பெனியின் இயக்குநர் அவை அடுத்த ஆண்டு அதனை ஏற்க மறுத்தது.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. அரசுப் பள்ளிகளின் கல்வி முற்றிலும் சமயச் சார்பற்றதாக இருத்தல் வேண்டும் என அது வகுத்தது. அதேவேளையில் விவிலியம் பள்ளி நூலகங்களில் இருக்கலாம், மாணவர் அதனைத் தடையின்றிப் படிக்கலாம், மாணவர் தாமே விரும்பிக் கேட்கும் விளக்கத்தை ஆசிரியர் பள்ளி நேரத்திற்கு வெளியே அளிக்கலாம் என்றும் கூறியது. நன்கொடை முறையின்கீழ், சமயம் கற்பிக்கும் தனியார் பள்ளிகளும் உலகியல் கல்வியின் தரத்திற்காக அரசின் உதவியைப் பெற வழி ஏற்பட்டது. 1858ஆம் ஆண்டின் விக்டோரியா அரசியாரின் அறிக்கை சமயத்தில் தலையிடாமை என்னும் நெறியை மேலும் உறுதிப்படுத்தியது.

"தாமே விரும்பிக் கேட்டல்", "பள்ளி நேரத்திற்கு வெளியே" என்னும் இவ்விரு வரையறைகளே பின்வந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் வித்து எனலாம். இவற்றால் நம்பிக்கையைப் புகட்டும் பொறுப்பு வகுப்பறையிலிருந்து வெளியேறியது. அப்பொறுப்பை யார் ஏற்பது என்பதற்கு அறிக்கையில் விடையில்லை. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லரும் இடம்பெற்றார். அக்குழு, எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அடிப்படைகளைக் கொண்ட அறநெறிப் பாடநூல் ஒன்றைக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை செயற்படவில்லை. பொதுவான அறத்தை ஒரு பாடநூலில் அடக்குவதிலுள்ள இடர்ப்பாட்டை இது காட்டுகிறது.

3. கண்ணாடியின் மறுபுறம்

தன் நம்பிக்கைக்கு அயலான பள்ளியில் பயிலும் மாணவனின் இக்கட்டைத் தமிழுலகில் முதலில் உணர்ந்தோர் கிறித்தவர் அல்லர். மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய சைவ, வைணவப் பெற்றோரே அதனை முதலில் உணர்ந்தனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இதற்குத் தலையாய சான்று. வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவலின் விவிலியத் தமிழாக்கப் பணிக்கும் துணைநின்ற அவர், தம் சைவப் பற்றில் தளரவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். அவர் எழுதிய பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் மிஷன் பள்ளியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வேறு பொருளைத் தாங்கி நின்றன.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருட்டிணன், இந்து சமயத்தின்மீது அங்குக் கேட்ட திறனாய்வே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியதாகப் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். அயலான சூழல் நம்பிக்கையை அழிக்கும் என்பது பொதுவான அச்சம். அது நம்பிக்கையைக் கூர்மைப்படுத்தவும் கூடும் என்பதை இவ்விரு சான்றோரின் வாழ்க்கை உணர்த்துகிறது.

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் "மனச்சான்று விதி" குறித்த விவாதம் எழுந்தது. அரசு உதவிபெறும் மிஷன் பள்ளிகளில் பிற சமயத்து மாணவரை விவிலிய வகுப்பிற்குக் கட்டாயப்படுத்தலாகாது என வி. ச. சீனிவாச சாத்திரியார் முதலியோர் வாதிட்டனர். மிஷன் கல்வியாளர் சிலர் இதனைத் தம் பணிக்கு நேர்ந்த இடையூறாகக் கருதினர். ஆயினும் இந்து மாணவனுக்காகக் கோரப்பட்ட அதே விதிதான் பின்னாளில், பிற அமைப்பினர் நடத்தும் பள்ளியில் பயிலும் கிறித்தவ மாணவனுக்கும் காப்பாயிற்று. பிறருடைய மனச்சான்றுக்கு அளிக்கப்படும் மதிப்பே தன் மனச்சான்றுக்கும் அரணாகிறது என்னும் உண்மை இவ்வரலாற்றின் மையமாகும்.

4. செகந்திராபாத்: படைக்குடியிருப்பின் பள்ளிச் சூழல்

1798ஆம் ஆண்டின் துணைப்படை உடன்படிக்கையை அடுத்து ஆங்கிலேயப் படை ஐதராபாத்துக்கு அருகில் நிலைகொண்டது. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என வழங்கலாயிற்று. சென்னைப் படைப்பிரிவுகளோடு தமிழ்ச் சிப்பாய்களும், வணிகரும், ஒப்பந்தக்காரரும், எழுத்தரும், வீட்டுப் பணியாளரும் வந்து குடியேறினர். அவர்களுள் கிறித்தவரும் இருந்தனர். 1813இல் எழுந்த தூய யோவான் ஆலயம் இக்குடியிருப்பின் பழைமையான வழிபாட்டிடங்களுள் ஒன்று.

இங்குக் குடியேறிய தமிழர் பலசமயத்தினர். 1862இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர்பெற்றது. 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணத்திற்குமுன் உரையாற்றியது அங்கேதான். மிஷன் சாராத அத்தகைய பள்ளி ஒருபுறமும், திருச்சபைகள் நடத்திய பள்ளிகள் மறுபுறமும் அமைய, கிறித்தவப் பெற்றோர் தெரிவுசெய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. 1887இல் நிறுவப்பட்ட நிஜாம் கல்லூரி நிஜாம் ஆட்சிப்பகுதியில் இருந்தபோதும் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. எனவே பாடத்திட்டம், தேர்வு, நடுநிலைக் கொள்கை ஆகியவற்றில் சென்னையின் காற்றே இங்கும் வீசியது.

இச்சூழலில் தமிழ்க் கிறித்தவப் பிள்ளை எதிர்கொண்ட சிக்கல் இரட்டைத்தன்மை வாய்ந்தது. பள்ளியின் மொழி ஆங்கிலம், ஆட்சிமொழி உருது, தெருவின் மொழி தெலுங்கும் தக்கனியும், வீட்டின் மொழி தமிழ். மன்றாட்டும் கீர்த்தனையும் தமிழில் இருந்தன. பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாத பிள்ளைக்கு விவிலியமும் பாட்டுப்புத்தகமுமே தமிழ் நெடுங்கணக்கைப் பயில்வதற்கான தேவையாயின. இத்தகைய புலம்பெயர் சூழலில் தமிழ் வழிபாடும் ஞாயிறு பள்ளியும் நம்பிக்கைக் கல்விக்கும் தாய்மொழிக் கல்விக்கும் ஒருங்கே இடமாகின்றன. வீட்டில் தமிழ் தளர்ந்தபோது தாயின் மன்றாட்டைப் பிள்ளை முழுமையாக உணர இயலாத நிலை தோன்றுகிறது. நம்பிக்கை கைம்மாறுவதில் மொழி வகிக்கும் இவ்விடம் தமிழியல் ஆய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது.

ஞாயிறு பள்ளி இங்கிலாந்தின் குளோசுடர் நகரில் 1780இல் இராபர்ட்டு இரெய்க்சு தொடங்கிய முயற்சியால் பரவியது. ஆலைகளில் உழைத்த ஏழைச் சிறுவர்க்கு விடுமுறை நாளில் எழுத்தறிவூட்டுவதே அதன் தொடக்கநோக்கம். வாரநாட் பள்ளி பரவியபின் அது நம்பிக்கைக் கல்விக்குரிய இடமாக மாறியது. 1876இல் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் உருவானது. அரசு தன் பள்ளியிலிருந்து விலக்கிய பாடத்தைத் திருச்சபை தன் நேரத்தில் ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

5. வேதநாயகம் சாமுவேல் அசரியா: வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

வகுப்பறைக்கு வெளியே இளையோரின் நம்பிக்கையை வளர்த்தெடுக்கும் பணியில் தமிழகத்தையும் நிஜாம் ஆட்சிப்பகுதியையும் இணைத்தவர் அசரியா. இவர் 1874 ஆகஸ்டு 17இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் பயின்று சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். சிற்றூரின் ஒற்றைச் சமயச் சூழலிலிருந்து பல சமய மாணவர் பயின்ற பெருங்கல்லூரிக்கு வந்தவர் என்ற முறையில், இக்கட்டுரை பேசும் மாற்றத்தை அவர் வாழ்க்கையில் கண்டவர்.

சென்னையில் 1890இல் டேவிட் மெக்கனகி தொடங்கிய இளைஞர் கிறித்தவ சங்கம், நகரத்திற்குத் தனியே வந்த மாணவர்க்கு நூலகமும் விளையாட்டும் விவிலிய வகுப்பும் நட்பும் அளித்தது. 1895இல் அசரியா இச்சங்கத்தின் செயலாளராகிப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய கல்லூரித் தோழர் சேலத்து கே. டி. பால் (1876–1931) பின்னர் அச்சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரானார். மாணவனைக் கேட்போனாக மட்டும் வைத்திராது பொறுப்பேற்போனாக ஆக்குவதே இவர்தம் அணுகுமுறை. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கமும் 1905இல் தேசிய மிஷனெரி சங்கமும் இவ்வெண்ணத்தின் விளைவாகத் தோன்றின. தன் நம்பிக்கையைப் பிறருக்கு எடுத்துரைக்கும் பொறுப்புடையவன் அதனைத் தானே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியவனாகிறான்.

திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தேர்ந்துகொண்ட களம் நிஜாம் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த தோர்ணக்கல். அசரியா 1909இல் அங்குச் சென்று தெலுங்கு கற்றார். 1912 திசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லின் கிறித்தவருட் பெரும்பாலோர் நிலமற்ற உழைப்பாளிகள். பகலில் வயலில் உழைத்தோர்க்கு மாலைநேரக் கூடுகையே வகுப்பறையாயிற்று. நம்பிக்கை அறிக்கையும் கட்டளைகளும் விவிலியக் கதைகளும் வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டன. தெலுங்குப் பாடல்களும் நாட்டார் கலைவடிவங்களும் அதற்குத் துணையாயின. சிற்றூர் ஆசிரியரோடு அவர் மனைவிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. திராவிடக் கட்டடக்கலையையும் இசுலாமியக் கட்டடக்கலையையும் தழுவி எழுப்பப்பட்டு 1939 சனவரி 6இல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், நம்பிக்கை மண்ணிலிருந்து பிரிந்து நிற்றலாகாது என்னும் அவர் கருத்தின் கல்வடிவமாகும்.

அசரியாவும் கே. டி. பாலும் கிறித்தவருக்குத் தனித் தேர்தல் தொகுதி வேண்டும் என்பதை ஏற்கவில்லை. அரசியலில் வேலியிட்டுச் சமூகத்தைக் காப்பது அச்சமூகத்தைச் சுருக்கும் என்பது அவர்தம் நிலைப்பாடு. இளையோரிடையே நெடுநாள் பணியாற்றிய இருவர் இம்முடிவிற்கு வந்தது தற்செயலன்று. வேலியைவிட வேரே காக்கும் என்னும் பட்டறிவு அதன் பின்னே நின்றது.

6. உஸ்மானியாப் பல்கலைக்கழகமும் விடுதியின் வழிபாட்டறையும்

1918இல் செயற்படத் தொடங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம், இந்திய மொழியாகிய உருதுவை உயர்கல்வியின் பயிற்றுமொழியாக்கிய முன்னோடி நிறுவனம். இங்குப் பயின்ற முசுலிம் மாணவர்க்குச் சமயவியலும் பிறருக்கு அறவியலும் பாடங்களாக அமைந்தன. ஆங்கிலேய இந்தியாவின் ஒதுங்கிநிற்கும் நடுநிலையினின்று இது வேறுபட்டது. அரசின் சமயம் வெளிப்படையாக அறியப்பட்ட இடத்தில் பிற சமயத்து மாணவர்க்கு விலக்கு அளிக்கும் முறை இது.

1938ஆம் ஆண்டில் இம்முறை பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. இந்து மாணவர் தம் விடுதி வழிபாட்டறையில் வந்தே மாதரம் பாடியதை நிருவாகம் தடைசெய்தது. தடையை ஏற்காத மாணவர் பெருந்தொகையினராக வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலரை நாகபுரிப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் இந்தியாவின் தலைமையமைச்சரான பி. வி. நரசிம்ம ராவும் அவர்களுள் ஒருவர். இப்போராட்டத்தில் நாட்டுப்பற்றும் அரசியலும் கலந்திருந்தமை உண்மை. எனினும் இக்கட்டுரையின் நோக்கில் அது வேறொன்றையும் உணர்த்துகிறது. வகுப்பறைக்கு வெளியேயுள்ள விடுதி அறையிலும் மாணவனின் நாவை நிருவாகம் கட்டுப்படுத்தலாமா என்பதே அவ்வினா. உட் அறிக்கை மாணவனுக்கு விட்டுவைத்த "பள்ளி நேரத்திற்கு வெளியே" என்னும் வெளி, எவ்வளவு எளிதில் பறிபோகக்கூடியது என்பதை ஐதராபாத் அன்று கண்டது.

7. மாணவர் இயக்கங்கள்

கல்லூரிக்குள் சமய போதனை இல்லாத நிலையில் மாணவரே மாணவரைத் தாங்கும் இயக்கங்கள் உருவாயின. 1895இல் ஜான் மாட்டு முதலியோர் முயற்சியால் உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பு தோன்றியது. 1912இல் இந்திய மாணவர் கிறித்தவ இயக்கம் அமைந்தது. கத்தோலிக்க மாணவரிடையே 1924இல் தோன்றிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, பிற்காலத்தில் அருட்தந்தை பியர் செராக்கின் வழிகாட்டலால் சமூகப்பணியோடு நம்பிக்கையை இணைத்தது. சென்னையில் விலங்கியல் பேராசிரியராக விளங்கிய எச். ஈனோக்கு முதலியோர் முயற்சியால் 1954இல் இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் உருப்பெற்றது. அறிவியல் பேராசிரியர் ஒருவர் விவிலிய வகுப்பை நடத்தியதே, அறிவியல் கற்றால் நம்பிக்கை குன்றும் என அஞ்சிய மாணவர்க்கு ஒரு விடையாக அமைந்தது.

இவ்வியக்கங்களின் போக்குகள் ஒன்றல்ல. முதலாவது, உலகச் சிக்கல்களோடும் பிற சமயங்களோடும் உரையாடும் திறந்த நோக்குடையது. இரண்டாவது, ஏழ்மையும் நீதியும் பற்றிய கேள்விகளை முன்வைத்தது. மூன்றாவது, தனிமனிதனின் மனமாற்றத்தையும் நாள்தோறும் மறைநூல் படித்தலையும் வலியுறுத்தியது. ஆயினும் மூன்றிற்கும் பொதுவான கூறுகள் உள்ளன. மாணவரே தலைமையேற்றல், சிறுகுழுவாகக் கூடிப் படித்தல், விடுமுறை முகாம், மூத்த ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கதவு திறந்திருத்தல் என்பன அவை. இவற்றுள் எதுவும் கல்லூரியின் பாடத்திட்டத்தை மாற்றக் கோருவதன்று. ஐதராபாத்தைப் பொறுத்தமட்டில், 1930இல் இலாகூரில் நிறுவப்பட்டு 1971இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்த ஹென்றி மார்ட்டின் நிறுவனமும் எண்ணத்தக்கது. கிறித்தவ–இசுலாமிய உறவு குறித்த கல்வியை வளர்த்த அந்நிறுவனம், அண்டை வீட்டாரின் நம்பிக்கையை அறிவது தன் நம்பிக்கையை இழப்பதாகாது என்னும் நிலையில் நின்றது.

8. குடியரசின் காப்பு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இவ்வரலாற்றின் பட்டறிவை விதிகளாக்கியது. உறுப்பு 25 மனச்சான்றின் உரிமையை வழங்கியது. உறுப்பு 28, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்விக்கூடத்தில் சமய போதனையை விலக்கியது. அரசு ஏற்பு அல்லது நிதியுதவி பெறும் பிற கல்விக்கூடங்களில், மாணவர் தம் விருப்பமின்றியும், சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றியும் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ பங்கேற்குமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்றது. உறுப்பு 30 சிறுபான்மையினர் தம் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளித்தது. பிறர் பள்ளியில் பயிலும் கிறித்தவ மாணவனுக்கு உறுப்பு 30ஐவிட உறுப்பு 28இன் மூன்றாம் கூறே நேரடிப் பயன் தருவது. அது பழைய மனச்சான்று விதியின் வழித்தோன்றலாகும்.

இவ்வுரிமையின் ஆழத்தை அளந்த வழக்கு 1985இல் கேரளத்தில் எழுந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மாணவர் மூவர் நாட்டுப்பண் பாடப்படும்போது மதிப்போடு எழுந்து நின்றனர். ஆனால் தம் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பிற கிறித்தவப் பிரிவினர் நாட்டுப்பண் பாடுவதில் தடை காண்பதில்லை. ஆயினும் பெரும்பான்மையோரின் கருத்து ஒருவரின் மனச்சான்றுக்கு அளவுகோலாகாது என்பதே வழக்கின் சாரம். பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் இதில் 1986 ஆகஸ்டு 11இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், பாடாமல் மதிப்போடு நிற்றல் அவமதிப்பாகாது எனக் கூறி மாணவரை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி முன்னர் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். அமெரிக்காவில் கொடிவணக்கம் தொடர்பாக 1943இல் இத்தகைய முடிவே எட்டப்பட்டது. மேற்கு வர்ச்சீனியா மாநிலத்து அவ்வழக்கையும் இத்தீர்ப்பு கருத்திற்கொண்டது. 1938இல் பாடியதற்காக ஐதராபாத் மாணவர் வெளியேற்றப்பட்டனர். 1985இல் பாடாமைக்காகக் கேரள மாணவர் வெளியேற்றப்பட்டனர். இரண்டும் ஒரே உரிமையின் இருமுகங்கள்.

சமயத்தைப் போதித்தலும் சமயங்களைப் பற்றிக் கற்பித்தலும் வேறு என்னும் வேறுபாட்டை 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக்குழு தெளிவுபடுத்தியது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய கல்வி உறுப்பு 28க்கு முரணானதன்று எனக் கொண்டது. பள்ளியில் தன் சமயத்தைப் பற்றிப் பிறர் சரியாக அறிந்துகொள்வதும் இளைஞனின் நம்பிக்கைக்கு ஒரு துணையே. தவறான புரிதலால் எழும் ஏளனம் அவனைத் தனிமைப்படுத்துவதைப்போல வேறெதுவும் தனிமைப்படுத்துவதில்லை.

9. மாறிய சிக்கல்

1956இல் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராகிப் பின் 2014 முதல் தெலங்கானாவின் தலைநகராக விளங்கும் ஐதராபாத்தில், கிறித்தவ இளையோரின் நிலை சட்டத்தளவில் முன்னையதினும் உறுதியானது. ஆயினும் சிக்கல் வேறிடத்தில் தோன்றியுள்ளது. போட்டித்தேர்வுப் பயிற்சியை மையமாகக் கொண்ட இடைநிலைக் கல்லூரிகள் இந்நகரில் பெருகியுள்ளன. அவற்றுட் பலவற்றில் அதிகாலை தொடங்கி இரவுவரை படிப்பு நீள்கிறது. விடுமுறை நாளும் தேர்வு நாளாகிறது. திருச்சபையில் திடப்படுத்தல் பெறும் பருவமும் இடைநிலைத் தேர்வுப் பருவமும் அருகருகே அமைவதால், ஞாயிறு பள்ளியில் பத்தாண்டு பயின்ற பிள்ளை மிகுதியான வினாக்கள் எழும் வயதில் அதனைவிட்டு விலகுகிறது.

இங்கு நம்பிக்கைக்கு எதிராக எவரும் வாதிடுவதில்லை. நேரம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உட் அறிக்கை முதல் அரசியலமைப்புவரை எல்லா ஏற்பாடுகளும், பள்ளி நேரத்திற்கு வெளியே ஒரு நேரம் உண்டு என்னும் எடுகோளின்மீது எழுந்தவை. அந்நேரம் சுருங்குமாயின், எவ்வுரிமையும் மீறப்படாமலேயே அவ்வுரிமை பயனற்றதாகிவிடும். இது கிறித்தவர்க்கு மட்டும் உரிய இடர் அன்று. மாலைத் தொழுகைக்குச் செல்ல வேண்டிய முசுலிம் மாணவனுக்கும், பாட்டியிடம் திருமுறை கேட்க வேண்டிய சைவக் குழந்தைக்கும் இது பொது.

வரலாற்றில் இளையோர்க்குத் துணைநின்றவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கூறுகள் புலனாகின்றன. முதலாவது, நாள்தோறும் நிகழும் வீட்டு மன்றாட்டு. அது நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. ஆனால் பிள்ளைக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழ் தளர்ந்த வீடுகளில் மொழியைக் கற்பித்தலும் நம்பிக்கையைக் கையளித்தலும் ஒரே செயலாகின்றன. இரண்டாவது, ஒத்த வயதினரின் சிறுகுழு. தோர்ணக்கல்லின் மாலைக் கூடுகையும் மாணவர் இயக்கங்களின் விவிலிய வட்டமும் இவ்வகையின. மூன்றாவது, ஐயத்தை அஞ்சாமல் கேட்கும் மூத்தவர் ஒருவர். வினாவிடை நூலில் வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. சமயச் சார்பற்ற பள்ளியில் பயிலும் இளைஞன் தன் வினாவைத் தானே கொண்டுவருகிறான். அதற்கு மனப்பாட விடை போதாது.

முடிவுரை

சமயச் சார்பற்ற கல்விக்கூடம் கிறித்தவ இளையோரின் நம்பிக்கைக்குப் பகை என்னும் கருத்தை வரலாறு உறுதிப்படுத்தவில்லை. கல்வி நடுநிலை பெற்றபோது நம்பிக்கைக் கல்வி அழியவில்லை. அது வீட்டிற்கும், ஞாயிறு பள்ளிக்கும், மாணவர் கூட்டத்திற்கும் இடம்மாறியது. நாவலர் மிஷன் பள்ளியில் சைவராக நிலைத்தமையும், அசரியா பலசமயக் கல்லூரியில் தம் அழைப்பைக் கண்டமையும் ஒரே உண்மையின் இரு சான்றுகள். பிறருடைய மனச்சான்றுக்கு இடமளிக்கும் அமைப்பே தன் மனச்சான்றையும் காக்கும் என்பதை உஸ்மானியா நிகழ்வும் 1986ஆம் ஆண்டின் தீர்ப்பும் இருவேறு வகையில் மெய்ப்பிக்கின்றன.

சட்டம் கதவைத் திறந்துவைக்க வல்லது. உள்ளே விளக்கேற்றுவது வீட்டாரின் கடன். பள்ளி நேரத்திற்கு வெளியேயுள்ள அச்சிறு பொழுதைக் காத்துத் தருவதே ஐதராபாத்தின் பெற்றோரும் திருச்சபைகளும் கல்விக்கூடங்களும் இன்று ஏற்க வேண்டிய பொறுப்பாகும். புலம்பெயர்ந்த தமிழ்த் திருச்சபைகளின் ஞாயிறு பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்பட்ட முறை, அங்கு வழங்கிய பாட்டுப்புத்தகங்கள், பிறமொழிக் கலப்பு ஆகியன குறித்த களஆய்வு மேற்கொள்ளப்படின், சமய வரலாற்றோடு தமிழ்மொழி வரலாற்றின் அறியப்படாத ஒரு பகுதியும் வெளிப்படும்.